சத்தமில்லாமல் அசைந்த வாய்

நான் காய் பொறுக்கிய குடோனில் ஒரு சட்டம் இருந்தது. பேசுகிறவர்கள் வாய்விட்டுப் பேசலாம். பேசாதவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் வராமல் ஒருத்தியின் வாய் அசைந்தால், உள்ளே ஏலக்காய் இருக்கிறது என்று பொருள்.

எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. கணக்கப்பிள்ளை சொல்லிச் சொல்லியே நிலைத்துப் போனது. எழுபதுகளின் பிற்பகுதி அது. போடியில் கடைத்தெருவுக்குப் பின்னால் வரிசையாக ஏலக்காய் குடோன்கள் இருந்தன. மலையில் எஸ்டேட் ஸ்டோர்களில் உலர்த்திய காய் மூட்டை மூட்டையாக ஜீப்பில் வந்து இறங்கும். ஆண்கள் சல்லடையில் சலித்துப் பருமன் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் வேலை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நல்ல பச்சையைத் தனியாக எடுக்க வேண்டும். வெளுத்தது, வெடித்தது, சொறி விழுந்தது எல்லாவற்றையும் வேறு வேறாக ஒதுக்க வேண்டும். வெற்றிலை போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது. எச்சில் தெறித்தால் காயில் கறை விழும் என்பார்கள். மெல்லுகிற வாயில் வெற்றிலை இருக்கிறதா, காய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் உண்மையான காரணம்.

இந்தச் சட்டத்தால் எனக்குத் தொல்லை ஏதும் இருந்ததில்லை. நான் பேசவும் மாட்டேன், மெல்லவும் மாட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்லாமல் கையை மட்டும் தூக்குவேன். குடோனில் என்னை மௌனச்சாமி என்று கூப்பிட்டார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

கண் மட்டும் எனக்கு நன்றாக வாய்த்திருந்தது. என் பச்சையில் வெளுப்பு கலந்து வந்ததே இல்லை என்பதால் கணக்கப்பிள்ளை என்னை வடக்கு ஜன்னலடியில் உட்கார வைத்திருந்தார். அங்கே வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் வரும். உயர்ந்த காய் அந்த இடத்துக்குத்தான் வரும். நான் எங்கே இருந்தாலும், இல்லாவிட்டாலும் தெருவில் யாருக்கும் தெரியாது. அந்த ஜன்னலடியில் நான் இல்லாவிட்டால் தெரியும். அப்படி ஓர் இடம் எனக்கு வேறெங்கும் இல்லை.

என் வீட்டுக்காரர் மலையில் ஓர் எஸ்டேட் ஸ்டோரில் காய் உலர்த்தினார். திங்கட்கிழமை ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகப் போனால் சனிக்கிழமை சாயங்காலம் இறங்குவார். ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை, அவர் வந்த ஜீப் வளைவில் சறுக்கி, பாதி வண்டி ரோட்டுக்கு வெளியே தொங்க, ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுவிட்டது. யாருக்கும் பெரிய அடி இல்லை. முழங்கையில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்து சோறு கேட்டார்.

"ஒண்ணுமில்ல புள்ள. லேசா சறுக்கிருச்சு. பேடிக்கண்டா" என்றார். மலையிலேயே கிடந்து, பயப்படாதே என்பதை மலையாளத்தில் சொல்வது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

அவர் பயப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை அதே டிரைவரோடு கதை பேசிக்கொண்டே ஏறிப்போனார். எனக்குத்தான் வயிற்றில் பிடித்துக்கொண்டது. ஜீப் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டால், ஈரத்துணியைப் பிழிவது போலத் தொப்புளுக்கு மேல் முறுக்கும். போடியில் ஜீப் சத்தம் கேட்காத நேரம் ஏது? சோறு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியாது. பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். வாசல்வரை போய்த் திரும்புவேன். துவைத்த துணியையே மறுபடி நனைத்து வைத்திருப்பேன்.

மார்கழியில் அவர் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் என்னைக் கேட்டார், அவர் பதில் சொன்னார்.

"என்னம்மா செய்யுது?"

"வயித்த முறுக்குதாம் சார். தூங்குறதில்ல. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறா."

"அவங்க சொல்லட்டுமே."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்ல மாட்டா சார். நானே கண்டுபிடிச்சுத்தான் கூட்டியாந்திருக்கேன்."

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வயிற்றில் கோளாறு இல்லை, மனசு பதறுவதற்கு வயிறு ஆடுகிறது என்றார். ஒரு மாத்திரை எழுதினார். "ஒரே மாத்திரைல ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு வயித்து முறுக்கை நிறுத்தும், ஒண்ணு மனசை அமத்தும். கொஞ்சம் தூக்கக் கலக்கமா இருக்கும். வேற என்ன வித்தியாசமாத் தெரிஞ்சாலும் வந்து சொல்லணும். சொல்லுவீங்களா?"

தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போதும் சுலபம்.

வரும் வழியில் வீட்டுக்காரர் சொன்னார்: "யாராச்சும் கேட்டா வயித்து மாத்திரைன்னு சொல்லு. நரம்பு, மனசுன்னு எவள்ட்டயாச்சும் வாயை விட்ட, பொழுது சாயிறதுக்குள்ள பைத்தியம்னு பட்டம் கட்டிருவாளுக."

முதலில் நன்றாகத்தான் இருந்தது. முறுக்கு விட்டது. படுத்தால் தூக்கம் வந்தது. எழுந்த பிறகும் அந்தத் தூக்கம் போகாமல், போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டே நடப்பது போல இருந்தது. நடக்கும்போது கால் நான் நினைத்த இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழுந்தது. சாக்கடை தாண்டும்போது இரண்டொரு தடவை தடுமாறினேன். போகட்டும், வயிறு சும்மா இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வாய் காய ஆரம்பித்தது. தாகம் என்றால் தண்ணீர் குடித்தால் போய்விடும். இது அப்படி இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரித்து எடுத்தால் மறுபடி ஒட்டும். காய்ந்த தேங்காய்ச் சில்லை அடக்கிவைத்திருப்பது போல வாய் முழுக்கச் சொரசொரப்பு. தண்ணீர் குடித்தால் குடிக்கிற நேரம் மட்டும்தான் ஈரம். நான் சும்மா இருந்தாலும் நாக்கு சும்மா இருக்காது. பல்லைத் தடவும், உதட்டைத் தடவும், இல்லாத எச்சிலைக் கூட்டி விழுங்கப் பார்க்கும். கன்னம் அசைவது எனக்கே தெரியாது.

கண்ணும் மங்கியது. அதிலும் ஒரு விசித்திரம். குடோன் வாசலில் நின்றால் தூரத்து மலையில் எறும்பு போல ஊர்கிற ஜீப் தெளிவாகத் தெரிந்தது. தட்டில் கிடக்கிற காய் தெரியவில்லை. பச்சையும் வெளுப்பும் ஒன்றோடு ஒன்று கரைந்தன. தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் தெளியும், பிறகு அதுவும் கலங்கும். இன்னும் தள்ளுவேன். முற்றத்துக்கு வந்தால் வெயில் கண்ணுக்குள் குத்தும்.

இன்னும் இரண்டு உபத்திரவம் இருந்தது. இப்போது எழுதும்போதும் கை தயங்குகிறது. வயிறு நாள்கணக்கில் இளகவில்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கும், உட்கார்ந்தால் வராது. குடோனுக்குப் பின்னால் தகரம் அடித்த மறைப்புக்குப் போனால் நான் திரும்பி வர நேரமாகும். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி போக வேண்டும் போல இருக்கும். தண்ணீருக்கு எழுவேன், மறைப்புக்கு எழுவேன், உட்கார்வேன், நாக்கைப் பிரிப்பேன், தட்டைத் தள்ளுவேன். மனசு அமர்வதற்குக் கொடுத்த மாத்திரை என்னை முன்னைவிட அதிகமாக எழுப்பி எழுப்பி உட்காரவைத்தது.

இதெல்லாம் மாத்திரையால் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாத்திரை வயிற்றுக்கு. வாயும் கண்ணும் வேறெங்கோ இருக்கின்றன. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று மோரைக் கரைத்துக் கரைத்துக் குடித்தேன்.

எனக்குப் பக்கத்தில் தேவாரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஓர் அக்கா உட்காருவாள். அவள் அண்ணன் தோட்டத்தில் யானை புகுந்த கதையை அடிக்கடி சொல்வாள். ஒவ்வொரு தடவையும் யானை ஒன்று கூடும். அவள் கடைவாயில் எப்போதும் ஒரு காய் இருந்தது. ஓயாமல் பேசுகிற வாய் என்பதால் கணக்கப்பிள்ளைக்கு அது தெரியவே இல்லை. பக்கத்தில் இருக்கிற எனக்குத் தெரியும். நான்தான் எதையும் சொல்கிறவள் இல்லையே.

"என்னத்தா, தட்டோட சண்டையா? தள்ளித் தள்ளி வைக்கிற" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"புருசன் மூஞ்சிய நெனச்சுக்கிட்டுத் தள்ளுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கணக்கப்பிள்ளை இந்தப் பக்கம் திரும்பினார். ராசிங்காபுரத்துக்காரர். தினமும் சைக்கிளில் வந்து போவார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காய் விஷயத்தில் பெற்ற தாயையும் நம்ப மாட்டார். திரும்பியவர் என் வாயைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மூட்டைகளைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றார்.

"ஏம்மா, வாய்ல என்ன?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டு ஏதோ ஓர் ஒலிதான் வந்தது.

"முழுங்கிட்டுப் பேசு" என்றார்.

தேவாரத்து அக்கா குறுக்கே வந்தாள். "அப்பு, அவளுக்கு முழுங்க எச்சியே இல்ல. எந்நேரமும் தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கா, பாக்கலயா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். காயத் தின்னா காரம் ஏறும், தண்ணி கேக்கும். பின்னாடி போனா திரும்பி வர மாட்டேங்குறா, அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வாயைத் திறம்மா."

அத்தனை பேருக்கு முன்னால் திறந்தேன். குனிந்து பார்த்தார். உள்ளே காய் இல்லை. அது என்னைக் காப்பாற்றவும் இல்லை.

"முழுங்கியாச்சு" என்றார்.

என் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பச்சைக்குள் வெளுப்பு அங்கங்கே கிடந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போடப் போடத்தான் எனக்கே தெரிந்தது. "சன்னலடில உக்கார்றவ தட்டா இது? வாய் ஒரு பக்கம் போனா கண்ணும் அங்கதான போகும். நாளைலேருந்து பின்னாடி உக்காரு."

திருடி என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஒரு குடோனில் காய் தின்றவள் என்று பெயர் எடுத்தால் அடுத்த குடோன் வாசலில் கால் வைக்க முடியாது. கணக்கப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே டீக்கடையில் டீ குடிப்பவர்கள்.

வீட்டுக்கு வந்து எதையும் செய்ய முடியாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். நடந்துகொண்டிருக்கும்போதுதான் வாய் எப்போது காய ஆரம்பித்தது என்று பின்னோக்கி யோசித்தேன். மாத்திரைக்கு முன்னால் காயவில்லை. அவ்வளவுதான், மாத்திரையை எடுத்து அரிசிப்பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அன்றோடு விழுங்குவதை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்பதென்றால் பேச வேண்டுமே.

வாயில் ஈரம் திரும்பி வந்தது. கண் மட்டும் மங்கலாகவே இருந்தது. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு வந்ததற்கு என்னிடம் சரியான வார்த்தை இல்லை. தோலுக்கு உள்பக்கம் யாரோ ஓடிக்கொண்டே இருந்தார்கள். நெஞ்சு தடதடவென்று அடித்தது. தூக்கம் என்பதே இல்லாமல் போயிற்று. காயைத் தட்டில் கொட்டும் சத்தம் தகரத்தில் கல் விழுவது போலக் காதில் அறைந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து காயை எடுத்தால் விரல் நடுங்கிக் காய் கீழே விழும். பொறுக்கினால் மறுபடி விழும். யாராவது பின்னால் நடந்தால் தூக்கிவாரிப் போடும். ஜீப் சத்தத்துக்கு மட்டும் பயந்த வயிறு இப்போது சைக்கிள் மணிக்கும் முறுக்கியது.

கணக்கப்பிள்ளை என் கையைப் பார்த்தார். "என்னைக் கண்டா ஏன் இந்த நடுக்கம்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் கையைச் சேலைக்குள் மறைத்தேன். மறைத்தது இன்னும் தப்பாகப் போயிற்று. "வீட்டுல இரும்மா. வேணும்னா சொல்லி விடுறேன்" என்றார்.

சொல்லி விடுகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் மலையில் இருந்தார். சனிக்கிழமைவரை இந்த உடம்போடு உட்கார்ந்திருக்க முடியாது என்று தோன்றியது. முதல் தடவையாகத் தனியாக டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பெஞ்சில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. சுவரோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். காத்திருந்த ஒரு பெரியவர், "ஆத்தா, ஒரு எடத்துல நில்லு, எனக்குத் தலை சுத்துது" என்றார்.

உள்ளே போனதும் டாக்டர், "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார்.

"மலைக்குப் போயிருக்காரு."

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

"கை ஆடுது."

"மாத்திரை சாப்பிடுறீங்கள்ல?"

"நிறுத்திட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் நிறுத்தச் சொன்னா?"

"காய் திங்கிறேன்னு சொல்லிட்டாங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மூடியில்லாத தண்ணீர்க் கூஜாவை என் பக்கம் தள்ளி, மொதல்லேருந்து சொல்லுங்க என்றார். சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஓர் ஆளிடம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. நான் விட்டதை அவரே எடுத்துக் கேட்டார். கிட்டத்தில் பார்த்தால் கண் மங்கியதா? வெயில் கூசியதா? வெளிக்குப் போவது எப்படி? ஒன்றுக்கு? நான் சொல்லாததெல்லாம் அவருக்கு எப்படித் தெரிகிறது என்று திகைப்பாக இருந்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் தலையை ஆட்டினேன்.

"வயித்து முறுக்கை நிறுத்துற மருந்து வயித்தோட நிக்காதும்மா. எச்சி ஊறுற எடத்தைக் காயவைக்கும். கிட்டத்துப் பார்வையைக் கெடுக்கும். குடல், மூத்திரப்பை எல்லாத்தையும் மந்தமாக்கும். எல்லாருக்கும் எல்லாமும் வராது. உங்களுக்கு வந்திருக்கு. மத்தது மனசை அமத்துற மருந்து. அதுல தூக்கம் வரும், கால் தடுமாறும். சில பேருக்கு அமத்துறதுக்குப் பதிலா கெளப்பி விடும். பழகுன ஒடம்புல அதைத் திடீர்னு நிறுத்துனா ஒடம்பு எதிர்த்துக்கிட்டு நிக்கும். இப்ப ஆடுதே, அது அதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் இதை அன்னைக்கே வெவரமாச் சொல்லிருக்கணும்" என்றார்.

வயிற்று மருந்து சேராத வேறு மாத்திரை எழுதினார். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், தான் பார்த்து அளவு சொல்லும்வரை நானாகக் குறைக்கக் கூடாது என்றார். யாருக்கும் பங்கு கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். முக்கியமாகச் சாராயம் குடிக்கிறவர்களுக்கு. இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடும்.

"கண்ணு திரும்ப வருமா?" என்று கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"வரும். கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் வேலை பாக்குற எடத்துல சொல்லி வைங்க."

அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லாவிட்டால் திருடி, சொன்னால் பைத்தியம். கை நடுக்கம் கொஞ்சம் அடங்கிய பிறகு ஒரு நாள் காலையில் கிளம்பினேன். குடோன் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தேன். வீட்டுக்குள் நுழையாமலே மறுபடி போனேன். சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்தால், பேசாமல் இரு என்பார். அதற்குள் பேசிவிட வேண்டும் என்று ஒரு பறப்பு.

கணக்கப்பிள்ளை வாசலிலேயே பார்த்துவிட்டார். "சொல்லி விடுறேன்னு சொன்னேன்லம்மா?"

"நான் காய் திங்கல" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "மனசு பதறுதுன்னு எனக்கு நரம்பு மாத்திரை குடுத்திருந்தாங்க. அதுல வாய் காஞ்சு போகும். கண்ணு மங்கும். நானா நிறுத்துனேன், அதுல கை ஆடிருச்சு. காய் திங்கல."

உள்ளே தட்டுகளின் சத்தம் நின்றது.

"நரம்பு மாத்திரையா?" என்று ஒருத்தி இழுத்தாள். வாசலுக்கு அருகில் இருந்தவள் தான் உட்கார்ந்திருந்த சாக்கை ஓரமாக இழுத்துக்கொண்டாள். "ஆத்தி, திடீர்னு கடிச்சு வச்சிருவாளோ" என்று எங்கிருந்தோ ஒரு குரல். சிரிப்பு.

சிரிப்பு அடங்குவதற்குள் மூலையிலிருந்து இன்னொருத்தி கேட்டாள்: "அதுல தூக்கம் வருமாக்கும்?"

"வரும்."

"எனக்கும் ஒண்ணு கொண்டா ஆத்தா. புள்ளைக பரீச்சை, மாமியா இருமல்னு கண்ண மூடி எம்புட்டு நாளாச்சு."

"எனக்கு ரெண்டு" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள். பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. கேட்கிற முகங்களைப் பார்த்தால் பாதி விளையாட்டு இல்லை. சாக்கை இழுத்துக்கொண்டவளும் கேட்டாள்.

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். சொன்னேன். வாய் எப்படி ஒட்டும், காய் எப்படிக் கரைந்து தெரியும், சாக்கடை தாண்டும்போது கால் எங்கே விழும், நிறுத்தினால் உள்ளே யார் ஓடுவார்கள் எல்லாம் சொன்னேன். "கொல்லைக்குப் போனா உக்காந்ததுதான் மிச்சம். ஒண்ணும் வராது" என்றும் சொல்லிவிட்டேன். கணக்கப்பிள்ளை சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அய்யய்ய, அது வேணாம்ப்பா. தூக்கமே வராட்டியும் போகுது" என்றாள் மூலையில் இருந்தவள்.

கணக்கப்பிள்ளை சுவரைப் பார்த்தபடியே, "நீ காய் திங்கலங்குறதுக்கு இதெல்லாம் சாட்சியா?" என்றார்.

தேவாரத்து அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "அப்பு, காயத் திங்கிறவளா இருந்தா வயித்துவலின்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு வந்து உக்காந்துருக்க மாட்டாளா? எவளாச்சும் இத்தன பேரு முன்னாடி எனக்கு மனசு சரியில்லன்னு வாயைத் தொறந்து சொல்லுவாளா? அதுவும் இவ?"

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். "கண்ணு தெளியிற வரைக்கும் பொறுக்க வேண்டாம். காம்பு கிள்ளு" என்று சொல்லிவிட்டுப் போனார். காயின் நுனியில் ஒட்டியிருக்கிற காம்பைக் கிள்ளுவது புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை. விரலுக்குத் தெரிந்தால் போதும், கண் வேண்டாம். நான் உட்கார்ந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து நெருங்கி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒனக்காகப் பேசுனேன்ல. நாலு மாத்திரை குடு. எங்க வீட்டுக்காரரு சோத்துல போட்டுர்றேன். குடிச்சுட்டு வந்து ஆடுற ஆட்டம் ஒனக்குத் தெரியாது. ஒரு நாளாச்சும் சத்தமில்லாமத் தூங்கட்டும்."

"சாராயத்தோட சேந்தா மூச்சு அடங்கிருமாம்க்கா. டாக்டர் சொன்னாரு."

"அடங்குனா அடங்கட்டும்" என்று சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் நிற்கவில்லை. "குடு புள்ள."

"குடுக்க மாட்டேன்க்கா."

தூக்குச்சட்டியை மூடினாள். "ஊமையாக் கெடந்தவளுக்குப் பேச்சு வந்துச்சு. வந்ததும் மொதப் பேச்சு எனக்கு இல்லங்குறதுதானா?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. மற்றவர்களோடும் அவள் பேச்சு குறைந்துவிட்டது. எனக்குக் காம்பைக் கிள்ளக் கிள்ள ஒரே நினைப்பு. எனக்காகச் சாட்சி சொன்ன வாய் ஒன்றே ஒன்று. அது மாற்றிச் சொன்னால் என் பேச்சு அத்தனையும் வீண். கணக்கப்பிள்ளை அவள் பக்கம் போய் நின்றாலே என் நகம் காம்பை விட்டுக் காயைக் கிழித்துவிடும். மாத்திரையைக் குறைத்துக் குறைத்து வந்த நாள்கள் வேறு. எது மருந்தின் பதற்றம், எது என் பதற்றம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

அவள் மாற்றிச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் ஆபத்து வந்தது. பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தவளின் கன்னம் ஒரு நாள் தானாக அசைந்துகொண்டிருந்தது. கடைவாயில் காய். கணக்கப்பிள்ளை மூட்டைகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவள் கவனிக்கவில்லை. வீட்டு நினைப்பில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். "இன்னைக்கு ஒங்க வீட்ல என்ன கொழம்பு?"

குடோனே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவளும் பார்த்தாள், எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அவரையும் பார்த்தாள். "கத்திரிக்கா" என்றாள். "புளி தூக்கலாப் போச்சு. அதுக்கும் ஒரு ஆட்டம் ஆடுவாரு, பாரு" என்று தொடர்ந்து பேசிக்கொண்டே போனாள். அவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் அவள் பழையபடி என்னோடு நெருங்கவில்லை. மாத்திரை என்ற பேச்சையும் எடுக்கவில்லை.

மாசி கடைசியில் மாத்திரை முழுவதும் நின்றது. வாய் சரியாகிவிட்டது. கண் தெளிந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. காம்பு கிள்ளும்போதே ஒவ்வொரு காயையும் பச்சை, வெளுப்பு என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சொன்னது சரிதானா என்று கேட்க ஆள் கிடையாது. ஜன்னலடியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. மறந்தேபோனாரோ, நம்பவே இல்லையோ, தெரியவில்லை. காத்திருக்க முடியாமல் ஒரு நாள் நானே எழுந்து போனேன்.

"ஒரு தட்டு குடுங்க. பொறுக்கிக் காட்டுறேன்."

சல்லடையிலிருந்து இறங்கிய காயை ஒரு தட்டில் அள்ளி நின்ற இடத்திலேயே வைத்தார். சுற்றிலும் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உட்கார்ந்து பொறுக்கினேன். நடுவில் அவருக்குப் பொறுமை இல்லை. தட்டுக்குள் கையை விட்டுப் பச்சையைக் கிளறினார்.

"ரெண்டு வெளுப்பு கெடக்கு" என்றார்.

"இன்னும் முடிக்கல. மூணு கெடக்கு. மூணாவது ஒங்க கைக்கு அடியில."

கையைத் தூக்கினார். அந்தக் காய் அங்கே கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளுப்பா இல்லையா என்று அவருக்கே கொஞ்சம் யோசனையாக இருந்தது போல. பிறகு அதை வெளுப்பில் போட்டார்.

"ஏம்மா, சன்னலடில இருக்குறது யாரு? அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றார்.